சலாது பனியில் சாகவில்லை, வெயிலில் செத்தது

ஐயாவின் தோட்டத்தில் பாத்தி என்றால் பள்ளம். யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணைக் கொத்தி, நாலு பக்கமும் வரம்பு கட்டி வைத்திருப்பார். கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீர் வாய்க்கால் வழியே வந்து பாத்தி பாத்தியாக நிறையும். ஒன்று நிரம்பியதும் மண்வெட்டியால் அதன் வாயை அடைத்து, அடுத்ததன் வாயைத் திறந்துவிட வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அந்த வேலை எனக்கு. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத குடாநாட்டில் பாத்தியின் கடமை தண்ணீரைத் தப்பவிடாமல் பிடித்து வைத்திருப்பது.

கனடாவில், டொராண்டோ நகரின் ஸ்காபரோவில் வீடு வாங்கிப் பின்வளவைக் கொத்தியபோது எனக்குத் தெரிந்த பாத்தி அது மட்டும்தான். அதையே வெட்டினேன். இங்கே நிலம் களிமண். இலையுதிர் காலத்தில் வெட்டி வைத்த பாத்தியில், 2019 வசந்தத்தில் பனி கரைந்த தண்ணீர் மூன்று வாரம் நின்றது. வாத்து வந்து இறங்காததுதான் குறை.

தண்ணீர் வடிந்த பிறகும் நான் விதைக்கவில்லை. டொராண்டோவில் யாரைக் கேட்டாலும் ஒரே விதியைச் சொல்வார்கள்: விக்டோரியா தின விடுமுறை வரும்வரை எதையும் வெளியில் நடாதே. மே 25க்கு முந்தைய திங்கட்கிழமை அது. அதற்குள் உறைபனி ஓய்ந்துவிடும் என்பது கணக்கு. நானும் பொறுமையாகக் காத்திருந்து, அந்த வார இறுதியில் தக்காளி, மிளகாய், சலாது என்று நாங்கள் சொல்லும் லெட்டஸ், ஸ்பினாச் கீரை எல்லாவற்றையும் ஒரே நாளில் மண்ணில் சேர்த்தேன். தக்காளி நன்றாக வந்தது. ஸ்பினாச் நாலு இலை விட்டதும் நடுவிலிருந்து தண்டு எழும்பிப் பூக்கத் தொடங்கியது. சலாது கோபுரம் போல உயர்ந்தது. இலையைக் கிள்ளினால் பால் வடிந்தது, வாயில் வைத்தால் வேப்பங்கொழுந்து. அம்மா ஒரு துண்டைத் தின்று பார்த்துவிட்டு, "தம்பி, இதை மருந்துக்கு வைத்துக்கொள்" என்றார்.

அந்த விதியில் பிழை இல்லை. அது தக்காளிக்கும் மிளகாய்க்கும் அவரைக்கும் ஆன விதி. அதைச் சலாதுக்குப் பொருத்தியதுதான் என் பிழை. ஸ்பினாச் பகலின் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் செடி. ஏறத்தாழ 14 மணி நேரப் பகல் வந்துவிட்டால், தான் பிறந்து எத்தனை நாள் ஆயிற்று என்றுகூடப் பார்க்காமல் பூவுக்குப் போய்விடும். டொராண்டோவில் மே தொடக்கத்திலேயே பகல் அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. மே கடைசியில் விதைத்தால் அது முளைக்கும்போதே காலம் முடிந்துவிட்டது என்று பொருள். சலாதுக்கு நீண்ட பகலோடு வெப்பமும் சேர்ந்தால் போதும். ஜூன் பின்பாதியில் இங்கே இரண்டுமே இருக்கும்.

ஆகவே இலைகளுக்கு உறைபனி முடியும் நாளிலிருந்து முன்னோக்கி எண்ணக் கூடாது; வெயில் ஏறும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். ஜூன் 20ஐ முடிவு என்று வைத்துக்கொண்டால், குளிரில் மெல்ல வளரும் சலாதுக்குப் பத்து, பதினொரு வாரம் தேவை. ஏப்ரல் முதல் வாரம் வந்துவிடுகிறது. இதை உணர எனக்கு ஒரு வருடமும், கடைப்பிடிக்க இன்னும் இரண்டு வருடமும் ஆயின.

ஏப்ரல் முதல் வாரத்தில் என் களிமண்ணில் கால் வைத்தால் செருப்பு அங்கேயே தங்கிவிடும். அதனால்தான் மேட்டுப்பாத்தி. தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஊரிலிருந்து வந்தவன், தண்ணீரை வடித்து விரட்டும் பாத்தியைக் கட்ட வேண்டியதாயிற்று. ஈரம் வடிந்த மண் சீக்கிரம் சூடேறும். தண்ணீர் தேங்கிய மண் சூரியன் தரும் வெப்பத்தையெல்லாம் அந்தத் தண்ணீருக்கே செலவழித்துவிடும்.

இடத்தை ஜூன் மாதத்தில் தேர்ந்தெடுக்காதீர்கள். ஜூனில் நண்பகல் சூரியன் தலைக்கு மேல் ஏறி நிற்கும், வளவு முழுவதும் வெயிலாகத் தெரியும். மார்ச்சில் அது வானத்தின் பாதி உயரத்துக்குத்தான் வரும். வீட்டின் நிழலும் வேலியின் நிழலும் நீண்டு கிடக்கும். மார்ச் மாதத்தில் சமையலறை ஜன்னலால் பார்த்து, பனி எங்கே முதலில் கரைகிறது என்று குறித்து வையுங்கள். பாத்திக்கு அதுவே இடம். எங்கள் வளவில் அது மூலையிலிருந்த பழைய பூம்பாத்தி. மனைவியின் ரோஜா ஒன்று இடம்பெயர வேண்டியிருந்தது. அந்தப் பேச்சுவார்த்தை ஒரு மாதம் நீடித்தது.

2019 இலையுதிர் காலத்தில் சீடர் (cedar) என்ற மரத்தின் பலகை வாங்கிக் கட்டினேன். நான்கு அடி அகலம், எட்டு அடி நீளம். இரண்டுக்கு ஆறு என்று விற்கும் பலகை உண்மையில் ஐந்தரை அங்குலம்தான் இருக்கும். இரண்டை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் பதினொரு அங்குல உயரம். நான்கு அடிக்கு மேல் அகலம் வைக்காதீர்கள், இரண்டு பக்கமும் நின்று நடுவைக் கையால் எட்ட முடியாமல் போகும். பாத்திக்குள் கால் வைத்தால் மண் இறுகி, இத்தனை செலவும் வீண். பலகைக்குக் காசு கொடுக்க மனமில்லாமல் பழைய மரத்தளத்தைப் பிரித்த பலகைகளைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். 2003 முடியும்வரை இங்கே வீட்டு உபயோகத்துக்கு விற்ற பச்சை நிறப் பதப்படுத்திய பலகைகளில் ஆர்செனிக் இருந்தது. பச்சையாகத் தின்னும் இலைக்குப் பக்கத்தில் அது வேண்டாம்.

மண்தான் என்னை அழவைத்தது. ஒன்டாரியோவில் மேல்மண், பீட் எனும் சதுப்புநில மக்கு, மக்கிய உரம் மூன்றையும் கலந்து 'டிரிப்பிள் மிக்ஸ்' என்று விற்பார்கள். என் பாத்திக்கு ஒரு கன கெஜத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தேவைப்பட்டது. தொலைபேசியில் சொன்னேன், லாரியில் கொண்டு வந்து வீட்டு வாசலில் கொட்டிவிட்டுப் போனார்கள். நவம்பர் காற்றில் குவியலிலிருந்து ஆவி பறந்தது. புளித்த வாசனை. கையில் அள்ளினால் பாதி மரச்சிராய். ஐயா இருந்திருந்தால் முகர்ந்து பார்த்தே திருப்பி அனுப்பியிருப்பார். எனக்கோ ஆவி பறப்பதைப் பார்த்து 'நல்ல உயிருள்ள மண்' என்று பெருமை. மக்கி முடியாத மரச்சிராய், தான் மக்குவதற்கு மண்ணிலுள்ள நைட்ரஜனை எடுத்துக்கொள்ளும். அடுத்த ஏப்ரலில் என் நாற்றுகள் எலுமிச்சை மஞ்சளில் நின்றதற்கு அது ஒரு காரணம். குளிர் மண்ணில் நுண்ணுயிர்கள் மந்தமாக இருப்பதால் நைட்ரஜன் வெளிவருவது தாமதமாவது இன்னொரு காரணம். இன்று யாராவது கேட்டால் ஒன்றே சொல்வேன்: மண் விற்கும் இடத்துக்கு நேரில் போய்க் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். குளிர்ந்து, கறுத்து, மழை பெய்த காட்டின் வாசனை அடிக்க வேண்டும். சூடாக இருந்தால் வேறு இடம் தேடுங்கள்.

பிறகு ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஒரு அங்குலக் கனத்துக்கு நன்றாக மக்கிய இலை உரம் பரப்பினேன். மூன்றாம் வருடம் மண் மண்ணானது. பாத்தி முதல் வருடத்திலேயே இரண்டு அங்குலம் தாழ்ந்துவிடும், அதற்கும் இந்த உரமே ஈடு. ஐயா ஆட்டுப் பட்டி போட்டுத் தோட்டத்துக்கு எரு சேர்த்தவர். எனக்கும் மக்காத பச்சை எரு என்றால் கை துறுதுறுக்கும். ஆனால் அது சமைத்துத் தின்னும் கத்தரிக்காய்க்கு. மண்ணைத் தொட்டு வளர்வதைப் பச்சையாகத் தின்பதென்றால், பச்சை எரு இட்ட நாளுக்கும் அறுவடைக்கும் இடையே 120 நாள் இருக்க வேண்டும் என்கின்றன இங்குள்ள இயற்கை வேளாண் விதிகள்.

இனி விதைப்பு. 2020 ஏப்ரல் 5. ஊரடங்கு, வீட்டிலேயே வேலை, எல்லோருக்கும் திடீரென்று தோட்ட ஆசை, விதைக் கடைகளில் தட்டுப்பாடு. என்னிடம் முந்தைய வருடத்துப் பொட்டலங்கள் இருந்தன. சலாது விதை மிகச் சிறியது, ஒரு கிராமில் 800க்கும் மேல் இருக்கும். மூன்று வருடம் வைத்திருந்தாலும் முளைக்கும். ஸ்பினாச் அப்படி அல்ல, ஒரு வருடம் போனாலே சோம்பல்படும். இந்த ஸ்பினாச்சைப் பலர் பசலை என்று எழுதுகிறார்கள். கொடியாகப் படரும் நம் பசளிக்கும் இதற்கும் உறவில்லை. பசளி வெயில் பிள்ளை, இது குளிர்ப் பிள்ளை.

விதைத்த பிறகு நாள்தோறும் காலையில் போய்ப் பார்த்தேன். ஒரு வாரம் ஒன்றுமில்லை. பத்தாம் நாளும் ஒன்றுமில்லை. அம்மா ஜன்னலில் நின்று, "விதை செத்துவிட்டது தம்பி, வேறு போடு" என்று தினமும் ஒரு முறை இரங்கல் தெரிவித்தார். முளைக்கீரை மூன்றாம் நாள் எட்டிப் பார்க்கும் ஊரில் வாழ்ந்தவர் வேறு என்ன சொல்வார்? மண்ணின் வெப்பம்தான் நாளைத் தீர்மானிக்கிறது என்று பிறகு படித்தேன். சலாது விதை 20 பாகை (டிகிரி செல்சியஸ்) மண்ணில் மூன்றே நாளில் முளைக்கும். 10 பாகையில் ஏழு நாள். 5 பாகையில் பதினைந்து நாள். ஸ்பினாச்சுக்கு 10 பாகையில் பன்னிரண்டு நாள், 5 பாகையில் இருபத்து மூன்று நாள். முளைக்கும், ஆனால் நம் அவசரத்துக்கு அல்ல. இறைச்சியின் சூடு பார்க்கும் முள் வெப்பமானி ஒன்று சமையலறையில் கிடந்தது. காலையில் அதை இரண்டு அங்குலம் மண்ணில் குத்திப் பார்ப்பது வழக்கமாயிற்று. 5 காட்டினால் விதைப்பேன். நாட்காட்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

ஆழமும் முக்கியம். ஸ்பினாச்சை விரல் நகத்தின் நீளத்துக்குப் புதைக்கலாம். சலாதைப் புதைக்கக் கூடாது. பல வகைகளுக்கு முளைக்க வெளிச்சம் தேவை. கோடு கீறி, விதையைத் தூவி, உள்ளங்கையால் அழுத்தி, மேலே சல்லடையில் சலித்த மண்ணைத் திருநீறு பூசுவது போல் பூசினால் போதும். ஸ்பினாச் விதையை ஒரு இரவு ஊறவைத்து, ஈரத் தாளில் சுற்றி வீட்டுக்குள் வைத்து, வெள்ளை முனை தெரிந்ததும் விதைத்தால் ஒரு வாரத்துக்கு மேல் மிச்சமாகும். ஊரில் பயற்றை முளைகட்டுகிறோமே, அதே வித்தை.

தண்ணீருக்கு ஒரு சங்கடம் உண்டு, தோட்டக் குறிப்புகளில் அதை யாரும் எழுதுவதில்லை. இங்கே குளிர்காலத்தில் வெளிக்குழாயை நிலவறையிலிருந்து பூட்டிவிடுவோம், குழாய்க்குள் தண்ணீர் உறைந்தால் வெடித்துவிடும். ஏப்ரல் கடைசிவரை திறக்கப் பயம். ஆகவே சமையலறைக் குழாயில் வாளி நிரப்பி, பூவாளியில் ஊற்றி, மாடிப்படி இறங்கி நடக்க வேண்டும். குளிர் மண் சீக்கிரம் காயாது, இரண்டு நாளுக்கொரு நடை போதும். இருந்தாலும் மழை தூறும்போது பூவாளியோடு நின்ற என்னைப் பார்த்து அம்மா சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

ஏப்ரல் 22 அளவில் பச்சைக் கோடு தெரிந்தது. மே மாதம் பிறந்தபோது இலைகள் என் கட்டைவிரல் அளவு. பிறகு மே 9, அன்னையர் தினத்துக்கு முந்தைய நாள். டொராண்டோவில் பனித் தூவல். அந்தத் தேதிக்கு அதுவரை பதிவாகாத குளிர் என்று செய்தியில் சொன்னார்கள். முதல் நாள் இரவு நான் போர்வை எதுவும் போடவில்லை; மே மாதத்தில் யார் போடுவார்கள்? காலையில் பார்த்தால் சலாது இலைகள் கண்ணாடி போல் விறைத்து, கரும்பச்சையாக, ஒளி ஊடுருவத் தெரிந்தன. தொட்டுப் பார்க்கப் போனேன். வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு இத்தாலியப் பெரியவர், "தொடாதே" என்று கத்தினார். உறைந்த இலையை விரல் பட்டு வளைத்தால் உள்ளே இருக்கும் பனிப்படிகங்கள் திசுவைக் கிழித்துவிடும், இலை கறுத்து அழுகும்; தானாக உருக விட்டால் பிழைக்கும் என்றார். பதினொரு மணிக்கு வெயில் வந்தது. நண்பகலில் இலைகள் ஒன்றும் நடவாதது போல் நிமிர்ந்து நின்றன. ஒரு வாரம் முன்னே ஆசைப்பட்டுத் தக்காளி நட்டிருந்த தெருமுனை வீட்டில் அத்தனையும் கறுத்துத் தொங்கியது.

குளிரில் மெல்ல மெல்லப் பழகிய சலாது சைபருக்குக் கீழே மூன்று, நான்கு பாகைவரை தாங்கும். ஸ்பினாச் இன்னும் கீழே போகும். குளிர் கண்டால் அது தன் இலையில் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்கிறது, சர்க்கரை கரைந்த தண்ணீர் எளிதில் உறையாது. அந்த மே மாதம் பறித்த ஸ்பினாச்சின் இனிப்பைக் கடையில் வாங்கிய எந்தக் கட்டிலும் நான் கண்டதில்லை.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு வெற்றி கிடைத்தால் அடுத்த வருடம் புத்தி பேராசைக்குப் போகிறது. 2021இல் இரண்டு வாரம் முந்திவிட வேண்டும் என்று திட்டம். அரை அங்குலப் பிவிசி குழாயை வளைத்து ஐந்து வளைவுகள், மேலே கனமான பிளாஸ்டிக் தாள், ஓரம் முழுக்கச் செங்கல். காற்றுப் புகாத கூடாரம். மார்ச் நடுவில் விதைத்தேன். வெளியே பனி கிடக்க உள்ளே மண் 9 பாகை. நிலவறையில் விளக்கு வைத்து வளர்த்த ரொமைன் வகைச் சலாது நாற்றுகளையும் மார்ச் கடைசியில் கொண்டு வந்து நட்டேன். உலகத்தை ஏமாற்றிவிட்ட மகிழ்ச்சி.

ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒரு நாள். வானத்தில் ஒரு மேகம் இல்லை. காலையில் 4 பாகை, 'குளிர்தானே' என்று கூடாரத்தை மூடியபடியே விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். நண்பகலில் வெளியே 16. மாலை ஐந்தரைக்குத் திரும்பி வந்து தாளைத் தூக்கியபோது முகத்தில் சோறு வடித்த ஆவி போல் அடித்தது. அன்றைய உச்சத்தை நினைவில் வைத்திருக்கும் வெப்பமானி 47 என்று காட்டியது. நாற்றுகள் அவித்த கீரை. ஒரு மாத வேலை ஒரு பகலில் வெந்து போயிற்று. கூடாரத்துக்கு வெளியே, போன வருடம் பூத்து உதிர்ந்த விதையிலிருந்து தானாக முளைத்த அருகுலா என்ற காரக்கீரைச் செடிகள் நான்கைந்து, எந்தக் காவலும் இல்லாமல், இரண்டு முறை பனி மூடியும், கொழுகொழுவென்று நின்றன. அன்று எனக்கு வந்த கோபம் அவற்றின் மீதுதான்.

அப்போதுதான் பெரியவரின் பாத்தி ஞாபகம் வந்தது. பழைய ஜன்னல் ஒன்றைச் சரிவாக வைத்துப் பலகைப் பெட்டிக்கு மூடியாக்கியிருந்தார். ஒரு பக்கம் எப்போதும் ஒரு குச்சி முட்டுக்கொடுத்திருக்கும். கிழவர் மூட மறந்துவிட்டார் என்று நான் பல நாள் நினைத்ததுண்டு. அந்தக் குச்சியில்தான் அவருடைய விவசாயமே நின்றது.

இப்போது பிளாஸ்டிக்கை நான் ஒன்றுக்கு மட்டும் பயன்படுத்துகிறேன்: மார்ச் நடுவில் பாத்தி மண்மீது தட்டையாக விரித்து, இரண்டு வாரம் மண்ணைச் சூடேற்றுவேன். விதைத்ததும் அதைச் சுருட்டி வைத்துவிட்டு, வளைவுகளின் மேல் மெல்லிய வெள்ளைத் துணியைப் போடுவேன். காய்கறித் தோட்டத்துக்கென்றே விற்கும், நெய்யாத துணி அது. ஒரு சதுர மீட்டர் 20 கிராம்கூட எடை இராது. காற்றும் மழையும் ஒளியும் உள்ளே போகும். உறைபனியிலிருந்து ஒன்றிரண்டு பாகை காக்கும். அதற்கு மேல் காக்க வேண்டியதும் இல்லை. பிளாஸ்டிக் கூடாரம்தான் வேண்டும் என்பவர்கள், பகலில் வீட்டில் இருப்பவர்களாக இருக்க வேண்டும். வெயில் அடித்தால் வெளியே 10 பாகை இருக்கும்போதே இரண்டு முனைகளையும் திறந்துவிடுங்கள். காலையில் திறக்க மறந்தால் அதிகம் இழப்பீர்கள், இரவில் மூட மறந்தால் குறைவாக இழப்பீர்கள். எதை மறக்கலாம் என்று நீங்களே முடிவுசெய்யலாம்.

வகைகளில் உருண்டைக் கட்டியாகும் ஐஸ்பெர்க் வேண்டாம். அது கட்டியாவதற்குள் கோடை வந்துவிடும். விரிந்து வளரும் 'பிளாக் சீடட் சிம்சன்', கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும் 'விண்டர் டென்சிட்டி', சிவப்பு விளிம்புள்ள 'ரூஜ் டிவேர்', ஸ்பினாச்சில் சுருக்கம் விழுந்த 'புளூம்ஸ்டேல்' ஆகியவை எனக்குக் கைகொடுத்தவை. ஒரே நாளில் பொட்டலத்தைக் காலி செய்யாமல், பத்து நாளுக்கு இரண்டு கோடு வீதம் விதைப்பது நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்கிறேன். ஆனால் மே 10க்குப் பிறகு விதைத்த கோடுகள் எனக்கு ஒருமுறைகூட உருப்படியாக வந்ததில்லை.

பூச்சிகள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சீக்கிரம் விதைப்பதன் பெரிய லாபமே அவை விழிக்குமுன் பாதி விளைந்துவிடுவதுதான். மே மாதத்தில் அருகுலா இலையை ஊசியால் குத்தியது போல் துளைக்கும், தெள்ளுப்பூச்சி போலத் துள்ளும் கருவண்டு வரும். துணி ஓரம் இடைவெளி இல்லாமல் இருந்தால் வராது. ஸ்பினாச் இலையின் அடியில் வெள்ளை முட்டைகள் வரிசையாக ஒட்டியிருந்தால் கட்டைவிரலால் நசுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் புழு இலைக்குள்ளேயே சுரங்கம் தோண்டிக்கொண்டு போகும். புதிதாகக் கிளறிய மண்ணைக் கண்டால் அணில் தோண்டும், முளைக்கும்வரை கம்பி வலையைத் தட்டையாகப் போட்டு வையுங்கள். முயலுக்கு இரண்டடி உயர வலை.

இரவில் திரியும் ரக்கூன் என்ற விலங்கின் கதை மட்டும் சொல்லியாக வேண்டும். முதல் வருடம் நாற்று மஞ்சளானபோது, கடையில் விற்கும் மீன் கரைசல் உரத்தை வாங்கித் தாராளமாக ஊற்றினேன். கருவாட்டுக் கடை போல வளவே மணந்தது. எனக்கு அந்த மணம் பிடிக்கும். மனைவி ஜன்னலைச் சாத்தினாள். இரவில் ரக்கூன் குடும்பம் ஒன்று வந்து, மீனைத் தேடி, பாத்தியின் பாதியைக் கைகளால் தோண்டிப் போட்டுவிட்டுப் போனது. மீன் கிடைக்காத ஏமாற்றத்தில் ஒரு சலாதையும் தின்னவில்லை. இப்போது கோழி எருவை உலர்த்திச் சூடாக்கிப் பதப்படுத்திய உருண்டைகளை விதைப்புக்கு இரண்டு வாரம் முன்னே மண்ணில் கலந்துவிடுகிறேன்.

பறிப்பது காலையில். வெயில் ஏறிய பின் பறித்தால் தட்டுக்கு வருமுன் வாடிவிடும். செடியைப் பிடுங்காமல் வெளி இலைகளைக் கிள்ளலாம், அல்லது மண்ணிலிருந்து ஒரு அங்குலம் விட்டுக் கத்தரியால் வெட்டலாம். குருத்து தப்பினால் இரண்டு, மூன்று வாரத்தில் மீண்டும் வளரும். மே 10 தொடங்கி ஜூன் 20வரை எங்கள் ஐந்து பேர் வீட்டுக்குக் கடையில் இலை வாங்க வேண்டியதில்லை. 2022 இலையுதிர் காலத்தில் கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் சலாதுப் பயிரில் நோய் பரவி, இங்கே கடைகளில் விலை தாறுமாறாக ஏறியபோது மட்டும் என் கணக்கு உதவவில்லை. அப்போது என் பாத்தியில் இருந்தது வெறும் இலை உரம்.

சலாது என்றால் எண்ணெயும் வினிகரும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அம்மா அதை மெல்லிதாக அரிந்து, வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, தேசிக்காய்ப் புளி விட்டுப் பிசைந்து சம்பலாக்கிவிடுவார். அருகுலாவை முதன்முதலில் முகர்ந்துவிட்டு, "இது முள்ளங்கி இலையின் பங்காளி" என்றார். தாவரவியல்படி அது சரிதான், இரண்டும் கடுகுக் குடும்பம். அன்றே அதை வறை வறுத்தார். அதன் காரம் சட்டியில் அடங்கி, தேங்காயோடு சேர்ந்து, குத்தரிசிச் சோற்றுக்கு அப்படிப் பொருந்தியது. இத்தாலியப் பெரியவருக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினோம். கிண்ணம் கழுவித் திரும்பி வந்தது, உள்ளே ஒரு பிடி அருகுலா விதை.

ஜூன் நடுவில் சலாதின் நடுத்தண்டு நீளத் தொடங்கும். அதை நான் இப்போது எதிர்த்துப் போராடுவதில்லை. விக்டோரியா தினத்தன்றே சலாதுகளுக்கு இடையில் தக்காளியும் மிளகாயும் நட்டிருப்பேன். அவை உயர்ந்து தரும் நிழலில் சலாது ஒரு வாரம் கூடுதலாக நிற்கும், பிறகு இடத்தைக் கொடுத்துவிட்டுப் போகும். மீதியுள்ள பாதிப் பாத்தி அம்மாவுக்கு. தமிழ்க் கடையில் வாங்கிய தண்டங்கீரை விதையை மணலோடு கலந்து, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பாத்தி விளிம்பில் நான் போட்டுக் கொடுத்த பலகையில் உட்கார்ந்து தூவுவார். அது மூன்றாம் நாளே முளைத்துவிடும், இரங்கல் எதுவும் தேவைப்படாது.

ஜூலையில் மேட்டுப்பாத்தியின் குறை தெரியும். ஏப்ரலில் தண்ணீரை வடித்துக் காப்பாற்றிய அதே பலகைப் பெட்டி, வெயிலில் மாலைக்குள் காய்ந்துபோகும். காலையில் ஊற்றிய தண்ணீர் ஓரத்து இடுக்கு வழியே ஓடிவிடும். போன ஜூலையில் ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது அம்மா தன் பாதியில் கீரையைச் சுற்றிக் கையாலேயே மண்ணை அணைத்து, சாண் உயரத்துக்கு வரம்பு கட்டி, நடுவில் ஒரு சின்ன வாய்க்காலும் இழுத்திருந்தார். மேட்டுப்பாத்திக்குள் ஒரு பள்ளப் பாத்தி. குழாயைத் திறந்து முனையில் வைத்தேன். தண்ணீர் நிதானமாக ஓடி முதல் கட்டத்தில் நிறைந்தது.

"பார்த்துக்கொண்டு நிற்காதே தம்பி" என்றார். "வாயை அடை, அடுத்ததைத் திற."